தன்னை எண்ணாத நாற்பது பேர்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பல்கலைக்கழகத்தில் மற்ற எல்லா இடத்திலும் அவர் ‘எப்படித்தெரியும் மேடம்’. இருபத்திரண்டு வருடமாக ஒரே பாடம், ஒரே கேள்வி. “மேடம், நாளைக்கு லீவாம்” என்று ஒருவன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றால், “உனக்கு எப்படித் தெரியும்?” என்பார். “காய்ச்சல் மேடம்” என்றாலும் அதே கேள்விதான். ஒரு தடவை, கட்டடத்தில் தீ என்று காவலாளி தலைதெறிக்க ஓடி வந்தபோது அவரையும் விடவில்லை. “புகை வருதும்மா!” என்றார் காவலாளி. “புகைதானே வருது, தீன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று ஆரம்பித்த பேச்சு, தீயணைப்பு வண்டி வந்து, தண்ணீர் அடித்து, குழாயைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் படிக்கட்டில் நடந்துகொண்டிருந்ததாம். காவலாளி அதற்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கேட் திறந்திருக்கிறதா என்று கேட்டால்கூட, “திறந்த மாதிரி இருக்கு” என்பார்.

பாடத்தின் பெயர் ‘அமைப்பும் அறிவும்’. எதையும் தனியாகப் பிய்த்துப் பார்க்காமல், அது எதோடெல்லாம் பிணைந்திருக்கிறது, எதை இழுத்தால் எது அசையும் என்று பார்ப்பது பாடத்தின் ஒரு பாதி. நமக்குத் தெரியும் என்று நினைப்பதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று குடைவது மறு பாதி. விருப்பப் பாடம். பரீட்சை கிடையாது, பருவத்துக்கு ஓர் ஆய்வறிக்கை கொடுத்தால் போதும் என்பதால் நாற்பது பேர் விரும்பிச் சேர்ந்தார்கள். விரும்பி வந்தவர்கள் பதினொரு பேர். மீதி இருபத்தொன்பது பேரை மேடமும் பார்த்ததில்லை, அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை.

வகுப்பு ஆறாம் மாடியில், செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு. அந்த அறையின் மின்விசிறி சுற்றுவதைவிட யோசிப்பதுதான் அதிகம். ஆறு மாடிக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட். எட்டுப் பேர் கொள்ளும். உள்ளே ஒரு முக்காலி போட்டு லிஃப்ட்காரர் உட்கார்ந்திருப்பதால் ஏழு பேர். அதன் வேகத்தைப் பற்றி என்ன சொல்ல! முதல் மாடியில் சிரித்துப் பேச ஆரம்பித்த ஜோடி, நான்காம் மாடிக்குள் சண்டை போட்டு, ஆறாம் மாடியில் தனித்தனியாக இறங்கிப் போனதை லிஃப்ட்காரர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்தப் பருவத் தொடக்கத்தில்தான் பல்கலைக்கழகத் தலைவரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு விருப்பப் பாடமும் தன்னால் வளாகத்துக்கு என்ன பயன் என்பதை மாணவர் ஆய்வின் மூலம் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காத பாடம் பருவ முடிவோடு நிறுத்தப்படும். பாடம் போன ஆசிரியர்கள் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

பரீட்சைப் பிரிவு கீழ்த்தளத்தில், தரைக்கும் கீழே இருந்தது. அங்கே விடைத்தாள்களை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணி நூலால் கட்டுவது வேலை. போன வருடம் அங்கே இறங்கிப் போன தத்துவ ஆசிரியர் இப்போது வாயால் பேசுவதே இல்லை, விரலை மட்டும் அசைக்கிறார் என்று பேச்சு. மேடத்துக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்று வருடமும் “எப்படித் தெரியும்?” என்று கேட்க எதிரே ஓர் ஆளாவது வேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

யோசித்தார். வளாகத்தில் எல்லோர் உயிரையும் ஒரே மாதிரி வாங்குவது எது? லிஃப்ட்.

“லிஃப்ட்ல ஏன் கூட்டம்னு கண்டுபிடிக்கப் போறோம்” என்று அறிவித்தார். “செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் வகுப்பு கிடையாது. அதுக்குப் பதிலா ஒன்பது மணிக்கு எல்லாரும் கீழே லிஃப்ட் வாசல்ல நின்னு எண்ணணும். அதுக்குத்தான் மார்க்.”

மார்க் என்ற சொல் காற்றில் பறந்து விடுதி விடுதியாகப் போயிற்று. நாற்பது பேரும் வந்துவிட்டார்கள்.

“ஒரே ஒரு விதிதான்” என்றார் மேடம். “இவன் தெரிஞ்சவன், அவன் தெரியாதவன்னு பாகுபாடு பார்க்கக் கூடாது. தலையைப் பார், எண்ணு. ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்த்து எழுதினா கையை ஒடிச்சிடுவேன்.”

“ஆமா மேடம்” என்றான் முன்வரிசையில் ஒருவன். அவன் எதற்கும் அப்படித்தான். “நீ இன்னிக்கு லேட்டா?” என்றாலும் ஆமா, “சீக்கிரம் வந்துட்டியா?” என்றாலும் ஆமா. அதனால் அவனுக்கு ஆமாம் என்றே பெயர். லிஃப்ட் கட்டடத்துக்குப் பக்கத்து விடுதியில் இருந்ததால், திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒன்பது மணிக்கு அவன் ஒருவனே நின்று எண்ணுவது என்று முடிவாயிற்று.

மூன்று வாரம் எண்ணினார்கள். உலகத்தில் எந்தக் கிரகணத்தையும் யாரும் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறிக்கை வந்த அன்று மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கள், புதன், வெள்ளியில் லிஃப்ட் வாசலில் நின்றவர்கள் பதினான்கு பேர். செவ்வாய், வியாழனில் ஐம்பத்து மூன்று! அதுவும் எப்படி? நாற்பது பேர் தனித்தனியாக எண்ணி, நாற்பது தாளிலும் அச்சடித்த மாதிரி ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய மாணவர்கள் இரண்டு பேர்கூட ஒரே விடையை, காப்பியடிக்காமல், எழுதியதில்லை. இங்கே நாற்பது சாட்சி!

கூடவே ஒரு படம். வட்டமாக அம்புக்குறிகள்: கூட்டத்தால் பாரம், பாரத்தால் லிஃப்ட் நிற்பது, நிற்பதால் தாமதம், தாமதத்தால் வகுப்பு நீள்வது, வகுப்பு நீள்வதால் அடுத்த கூட்டம். திரும்பவும் முதலிலிருந்து. பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை: செவ்வாய், வியாழன் ஒன்பது மணிக்கு ஆறாம் மாடியில் நடக்கும் வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றலாம், அல்லது நிறுத்தலாம்.

மேடம் ‘மாற்றலாம்’ வரைக்கும்தான் படித்தார். தரைத்தளத்தில் ஓர் அறை, சுற்றுகிற மின்விசிறி, முட்டி வலி இல்லாத மூன்று வருடம். மனசு அங்கேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். கையெழுத்திட்டுத் தலைவருக்கு அனுப்பினார். காய்ச்சல்காரனிடமும் காவலாளியிடமும் இருபத்திரண்டு வருடம் ஓயாமல் கேட்ட அந்தக் கேள்வியை அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். தெரு முனையில் கடை. சாயங்காலம் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அங்கே போய், வெட்டுமேசை ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு இருவரும் சேர்ந்து வீடு திரும்புவது வழக்கம். அன்று டீ ஆறிப்போகும் அளவுக்கு மேடம் லிஃப்ட் கதையை அளந்தார். தையல்காரர் ஒரு தடித்த மனிதருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டே கேட்டார்.

“மாமா, மழை வரும்போல இருக்கே, குடை கொண்டு வந்தீங்களா?” என்று அந்த மனிதரிடம் கேட்டார். அவர் வெளியே எட்டிப் பார்த்த நொடியில் டேப்பைச் சுற்றி எடுத்துவிட்டார். அந்த ஆள் போன பிறகு தையல்காரர் சிரித்தார்.

“மழையே இல்லையேங்க” என்றார் மேடம்.

“இல்லதான். அளவெடுக்கிறேன்னு தெரிஞ்சா போதும், எல்லாரும் வயித்தை எக்கிக்குவாங்க. அப்புறம் பேன்ட் பத்தலைன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. ஆளு அளவை மறந்திருக்கும்போதுதான் அளவெடுக்கணும். அது சரி டீச்சரம்மா, என்ன சொன்ன? மத்த நாள் பதினாலு, உங்க நாள்ல ஐம்பத்து மூணா?”

“ஆமாங்க.”

“அப்போ முப்பத்தொம்பது கூட. உன் க்ளாஸ்ல எத்தனை பசங்க?”

“நாப்பது.”

“நாப்பது பேரும் அங்க நின்னாங்களா?”

“ஆமாங்க, அதுதானே வேலையே.”

“அப்போ ஒருத்தன் குறையுறானே. எங்க போனான்?” என்று கேட்டுக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தார் தையல்காரர்.

மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குறைந்தவன் எங்கும் போகவில்லை. எண்ணியவனே அவன்தான். நாற்பது பேரும் தன்னை விட்டுவிட்டு மற்ற முப்பத்தொன்பது பேரை எண்ணியிருக்கிறார்கள். ஒருவன் விடாமல். நாற்பது தாளும் ஒத்துப்போனது அதனால்தான். ஆமாம் தனியாக நின்ற நாளில் பதினான்கே பேர் இருந்ததும் அதனால்தான். அவன் எண்ணுவதற்கு அவன் வகுப்பில் வேறு யாரும் அங்கே இல்லை. கூட்டத்தைத் தேடிப் போன கூட்டம், தன் முதுகையே பார்த்து “அடேயப்பா, என்ன கூட்டம்!” என்று எழுதிவைத்திருக்கிறது.

“ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாதா?” என்றார் தையல்காரர்.

“எப்படித் தெரியும்? க்ளாஸுக்கு வந்தாத்தானே!” என்றார் மேடம். சொன்ன பிறகுதான் தன் குரலில் அந்தக் கேள்வி வேறு மாதிரி ஒலித்ததைக் கவனித்தார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கெல்லாம் தலைவரின் அறை வாசலில் நின்றார். தலைவர் பெரிய மேசைக்குப் பின்னால் சின்னதாக உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்த அறிக்கை. ‘நிறுத்தலாம்’ என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு, அதற்கடியில் இன்னொரு சிவப்புக் கோடு.

“வாங்க மேடம், வாங்க! கையைக் கொடுங்க முதல்ல. பதினேழு பாடத்துல உங்க பாடம் ஒண்ணுதான் உருப்படியா ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கு.”

“சார், அந்த அறிக்கை தப்பு” என்றார் மேடம். நாற்பது பேர் கதையை விளக்கினார். தலைவர் கன்னத்தில் கை வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

“அதாவது, உங்க மாணவங்களுக்கு எண்ணத் தெரியலைங்கிறீங்க.”

“எண்ணினது சரிதான் சார். எதை எண்ணினோம்னு தெரியலை. அதுவும் என் தப்பு.”

“இருபத்திரண்டு வருஷம் அதைத்தானே சொல்லிக் கொடுத்தீங்க? அறிக்கை தப்புன்னா, பாடம் பிரயோஜனமில்லை, நிறுத்தணும். அறிக்கை சரின்னா, பாடத்தாலதான் லிஃப்ட்ல கூட்டம், நிறுத்தணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்க விருப்பம்.”

மேடம் இருபத்திரண்டு வருடமாக வட்டம் வட்டமாகப் படம் போட்டவர். இவ்வளவு கச்சிதமான வட்டத்தை அவர் வரைந்ததே இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதை ரசிக்கக்கூடச் செய்தார்.

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சரியா எண்ணிப் பார்த்துடலாம் சார். ஒரே ஒரு பையனை விட்டு.”

தலைவருக்கு அவர் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. அதுதான் பெரிய கொடுமை. “நியாயம்தான்” என்றார். “பருவத்தோட கடைசிச் செவ்வாய், ஒன்பது மணி. உங்க பையன் எண்ணட்டும். இருபதுக்குக் கீழே வந்தா பாடம் இருக்கும். மேல போனா, பரீட்சைப் பிரிவு. அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்க, மேற்பார்வைக்கு நம்ம ஆபீஸ் ஆளுங்க பத்துப் பேரை அனுப்புறேன்.”

“பத்துப் பேர் எதுக்கு சார்?”

“ஒருத்தரை அனுப்பினா அவரை யார் மேற்பார்வை பார்க்கிறது?”

பதினான்கும் பத்தும் இருபத்து நான்கு என்று மேடத்தின் மனசு அங்கேயே கூட்டிவிட்டது. வாய் விட்டும் சொன்னார். “எங்க ஆளுங்க சுவரோரமா நிப்பாங்க, அவங்க கணக்குல வர மாட்டாங்க” என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். மேடத்துக்குப் போன உயிர் திரும்பியது.

அதற்கு முந்தின வியாழன் வகுப்புக்கு நாற்பது பேரும் வந்திருந்தார்கள். மார்க் போட்டு முடித்த பிறகும் வந்திருந்தார்கள். தங்களால் பாடம் போகப்போகிறது என்று கேள்விப்பட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அறையில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கட்டையில்கூட ஏறி உட்கார்ந்தார்கள். இவ்வளவு பேரை எதிரே பார்த்த மேடம் சாக்பீஸை எடுத்தார். பலகையில் எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். பார்ப்பவரும் படத்துக்கு உள்ளேதான் இருக்கிறார் என்றார். நாற்பது தலையும் ஒன்றாக ஆடியது. நாற்பது பேனாவும் அதை எழுதிக்கொண்டது.

“செவ்வாய்க்கிழமை ஆமாம் மட்டும் நிக்கட்டும். வேற ஒருத்தரும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மேடம்!”

“எப்படித் தெரியும்?” என்று கேட்க வாயெடுத்தவர், அவர்கள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். இரண்டாவது தடவையும் விட்டுவிட்டார்.

செவ்வாய் வந்தது. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேடம் கட்டடத்துக்குள் நுழைந்தார். நுழைய முடியவில்லை. வாசல் வரைக்கும் தலை.

முதலில் கண்ணில் பட்டது வியாழக்கிழமை வகுப்பில் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்த பெண். “நீ ஏம்மா இங்க?”

“மேடம், கோவிச்சுக்காதீங்க. ஆமாம் தனியா நிப்பான். ஆபீஸ்காரங்க வந்து எழுபதுதானேன்னு கேட்டா ஆமாம்னு சொல்லிடுவான். அவனைப் பத்தித்தான் தெரியுமே! அதான் நான் ஒருத்தி மட்டும் ஓரமா நின்னு பார்த்துக்கலாம்னு வந்தேன்.”

“பக்கத்துல நிக்கிறானே, அவன் ஏன் வந்தான்?”

“தெரியல மேடம். நான் ஒருத்திதான் வந்தேன்.”

பக்கத்திலிருந்தவனும் அதையே சொன்னான். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனும். மாறுவேடமாகத் தொப்பி போட்டு வந்தவனும். முப்பத்தொன்பது பேரும், மேடத்துக்காக, பாடத்துக்காக, தான் ஒருவன் மட்டும் வருவதாக நினைத்து வந்திருந்தார்கள். ஒருவனுக்காவது கொஞ்சம் அலட்சியம் இருந்திருக்கக் கூடாதா! இருபத்திரண்டு வருடத்தில், வராதே என்று சொன்ன நாளில் இப்படி முழு வருகை இருந்ததில்லை.

சுவரோரமாக நிற்க வேண்டிய ஆபீஸ்காரர்கள் பத்துப் பேருக்குச் சுவரோரத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர்களும் நடுவில் நின்றார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. லிஃப்ட்காரர் இந்தக் கடலைப் பார்த்தார். “இன்னிக்கு என்னய்யா, யாராவது மந்திரி வர்றாங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு காலியாகவே மேலே போய்விட்டார்.

ஆமாம் கதவருகே நோட்டும் பென்சிலுமாக நின்றிருந்தான். உதடு அசைய, விரல் அசைய, எண்ணி முடித்தான். அவன் முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

“எவ்வளவுடா?” என்றார் மேடம்.

“எப்பவும் வர்றவங்க பதினாலு. நம்ம க்ளாஸ் முப்பத்தொம்பது. ஆபீஸ்காரங்க பத்து. நீங்க ஒண்ணு. அறுபத்து நாலு மேடம்.”

ஆபீஸ்காரர்களில் மூத்தவர் தலையை நீட்டி நோட்டைப் பார்த்தார். “பிரிச்செல்லாம் எழுதாதே தம்பி. மொத்தம் மட்டும் போடு. தாள்ல கட்டம் ஒண்ணுதான் இருக்கு. அறுபத்து நாலு, சரிதானே?”

எல்லோரும் ஆமாமைப் பார்த்தார்கள். அவன் வழக்கமான சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகினான், எடுத்தான், தாளைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான்.

“இல்ல சார்” என்றான்.

கூட்டம் அசந்துவிட்டது. அவன் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவன் அம்மாகூடக் கேட்டிருக்க மாட்டார்.

“என்ன இல்ல?”

“ஒருத்தனை விட்டுட்டேன் சார். என்னை.” ஆமாம் ரப்பரால் தேய்த்துவிட்டு, நிதானமாக, அழுத்தி எழுதினான்: அறுபத்து ஐந்து.

“நல்ல காரியம் பண்ணினே” என்றார் மூத்தவர். மேடத்தைப் பார்த்து, “ஒண்ணு கூடிடுச்சு பாருங்க” என்று வருத்தமாகவே சொன்னார்.

மேடம் தாளை வாங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய பாடம் ஒரே ஒரு மண்டைக்குள் முழுதாக இறங்கியிருந்தது. அது இறங்கிய இடத்தில் எண்ணிக்கை ஒன்று ஏறியிருந்தது. ‘ஆசிரியர் சான்று’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, நூற்றுக்கு நூறு என்று எழுதினார்.

“மேடம், நான் தப்பு பண்ணிட்டேனா?” என்றான் ஆமாம்.

“இல்லப்பா. நீ ஒருத்தன்தான் சரியாப் பண்ணினே.”

“அப்போ பாடம்?”

“பாடம் முடிஞ்சுது.”

அடுத்த பருவத்தில் தலைவர் ஒரே ஓர் ஆளை விட்டு லிஃப்ட் வாசலில் எண்ணச் சொன்னார். பதினான்கு பேர் நின்றார்கள். எப்போதும் நிற்கும் அதே பதினான்கு பேர். ஒரு வாரத்தில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டினார்கள். பாடத்தை நிறுத்தும் முன் அறுபத்து ஐந்து, நிறுத்திய பின் பதினான்கு. கொட்டை எழுத்தில்.

மேடம் தினமும் காலையில் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முதல் நாள் அதன் முன்னால் நின்று முழுதாகப் படித்தார். பழக்கம் போகுமா, வாய் தானாகத் திறந்தது. பக்கத்தில் காவலாளி ஒருவர்தான் நின்றிருந்தார். மேடத்தின் வாய் திறப்பதைப் பார்த்ததும் அவர் மெல்ல கேட் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மேடம் வாயை மூடிக்கொண்டார். பரீட்சைப் பிரிவு கீழே இருந்தது. போய்ச் சேர லிஃப்ட் தேவைப்படவில்லை.